கத்தரிக்கோலுக்கு 1,000 மணி நேரம், துப்பாக்கிக்குப் பூஜ்ஜியம்

அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும், சுட்டுக் காட்ட வேண்டும், ஷெரிஃபிடம் உரிமம் வாங்க வேண்டும். இதெல்லாம் வேண்டாம், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத குடிமகனுக்கு 18 வயது ஆனால் போதும் என்று 2025இல் அந்த மாகாணச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஜோஷ் ஸ்டெய்ன் ஜூன் மாதம் அதற்குக் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். அடுத்த மாதமே செனட் அந்த மறுப்பை முறியடித்தது. கீழவையில் எல்லோரும் வந்து வாக்களித்தால் 72 பேர் வேண்டும். குடியரசுக் கட்சிக்கு அப்போது இருந்தது 71. கொள்கைக்காக அல்ல, ஓட்டு போதாததால்தான் அங்கே வாக்கெடுப்பு மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

உரிமத்தைக் கைவிடும் வரிசையில் வடக்கு கரோலினா கடைசியாக வந்து நிற்கும் மாகாணம்தான். வெர்மான்ட்டில் உரிமம் என்ற ஏற்பாடே இருந்ததில்லை. 2003இல் அலாஸ்கா, 2010இல் அரிசோனா என்று மெதுவாகத் தொடங்கியது, 2021இல் டெக்சஸ், டென்னசி, அயோவா, மொன்டானா, யூட்டா என ஒரே ஆண்டில் ஐந்து மாகாணங்களை வாரிக்கொண்டது. 2024இல் லூசியானாவும் தெற்கு கரோலினாவும் சேர, ஐம்பதில் 29 ஆகிவிட்டது.

உரிமத்தைக் கைவிடும்படி அரசியல் சட்டம் கேட்கிறதா? இல்லை. 2022 ஜூனில் நியூயார்க் மாகாணத்தின் கெடுபிடியான உரிம முறையை உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ரத்துசெய்தது உண்மை. ஆனால், அதே தீர்ப்பில் நீதிபதி பிரெட் கவனா தனியாக எழுதிய குறிப்பில், தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸும் சேர்ந்துகொள்ள, ஒன்றைத் தெளிவாக்கினார்: கைரேகை எடுக்கலாம், குற்றப் பின்னணியையும் மனநல ஆவணங்களையும் பார்க்கலாம், பயிற்சி கட்டாயம் என்று சொல்லலாம். துப்பாக்கி உரிமையை இவ்வளவு விரித்த நீதிமன்றமே உரிமத்தை ஏற்றுக்கொள்ளும்போது, அதைவிட ஒரு படி மேலே போகும்படி சட்டமன்றங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

டெக்சஸைப் பாருங்கள். 2021 ஜூனில் சான் அன்டோனியோவின் அலமோ கோட்டையில், அதாவது வீர வரலாற்றின் முன்னால் மேசை போட்டு, உரிமத்தைக் கைவிடும் சட்டத்தில் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்டார். அதுவரை நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பும் ஒரு சுடும் தேர்வும் இருந்தன. செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்களுக்கு அவை விருப்பப் பாடம். அதே டெக்சஸில் கூலிக்கு முடி வெட்ட வேண்டுமானால் 1,000 மணி நேரப் பயிற்சி, தேர்வு, அரசு உரிமம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 125 நாள்! முடி திருத்துபவரின் கை தவறினால் வாடிக்கையாளருக்கு ஒரு மாதம் தொப்பி. அதற்கு இத்தனை எச்சரிக்கை. நெரிசலான கடையில் பதற்றத்தில் துப்பாக்கியை உருவுகிறவருக்கு எப்போது சுடக் கூடாது என்று சொல்லித்தர ஆறு மணி நேரம்கூட அதிகமாம். முடி வெட்டுவது அரசியல் சட்ட உரிமையல்ல என்பார்கள். சரி, பதிலை கவனாவிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இதில் மிகவும் எரிச்சலூட்டுவது, காவல்துறையின் தோளில் கைபோட்டு ஓட்டுக் கேட்கும் கட்சியே காவல்துறையின் பேச்சை மதிக்காததுதான். ஒஹையோவில் இதே மாதிரிச் சட்டத்தைக் காவலர் சங்கம் எதிர்த்தது. தெற்கு கரோலினாவில் மாகாணக் காவல் பிரிவின் தலைவர் மார்க் கீல் எச்சரித்தார். அலபாமாவில் ஷெரிஃப்கள் சங்கம் எதிர்த்தபோது, உரிமக் கட்டணம் உங்கள் அலுவலகத்துக்கு வருவதால்தானே கத்துகிறீர்கள் என்று வாயை அடைத்தார்கள். ஒஹையோ இன்னும் ஒரு படி போனது: வண்டியை நிறுத்தும் காவலரிடம் துப்பாக்கி இருப்பதை உரிமதாரர் தானாகச் சொல்லியாக வேண்டும் என்றிருந்த விதி 2022இல் போய்விட்டது. இப்போது காவலர் கேட்டால் சொன்னால் போதும். இருட்டில் கார்க் கண்ணாடியைத் தட்டுகிற காவலர் முதலில் அந்தக் கேள்வியை மறக்காமல் இருக்க வேண்டும்.

துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும் என்று பொருளியலாளர் ஜான் லாட் 1998இல் ஒரு புத்தகமே எழுதினார். கேழ்வரகில் நெய் வடிந்த கதை. தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு 2004இல் அலசிவிட்டு, அதற்குப் போதிய சான்று இல்லை என்றது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் டொனஹ்யூவும் சக ஆய்வாளர்களும் 47 பெருநகரங்களின் நாற்பதாண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். உரிமம் எளிதான இடங்களில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் கூடியது. துப்பாக்கித் திருட்டு 35 சதவீதம் கூடியது. வன்முறைக் குற்றங்களைக் காவல்துறை துலக்கும் விகிதம் 13 சதவீதம் சரிந்தது. உரிமத்தை எளிதாக்கியதற்கே இந்த விளைவு என்றால், உரிமமே தேவையில்லாத 29 மாகாணங்களின் கணக்கு இன்னும் மோசமாகத்தான் வரும். 2022க்குப் பிறகு கொலைகள் குறைந்தனவே என்று சிலர் கேட்கலாம். உரிமத்தை விடாத மாகாணங்களிலும்தான் குறைந்தன.

குற்றவாளி உரிமம் வாங்கவா போகிறான் என்பது மறுதரப்பின் அடுத்த வாதம். திருட்டு வண்டி ஓட்டுபவனும் ஓட்டுநர் உரிமம் எடுப்பதில்லை. அதற்காக அந்த உரிமத்தை யாரும் ஒழிக்கவில்லை. ஏழைப் பெண்ணால் கட்டணம் கட்ட முடியாது, அதிகாரி நினைத்தால் மறுத்துவிடலாம் என்பதில் மட்டும் நியாயம் உண்டு. 1956இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்குக்கே அலபாமா அதிகாரிகள் உரிமம் மறுத்தார்கள். கட்டணத்தை ரத்துசெய்யுங்கள், அதிகாரியின் தன்னிச்சையைப் பறியுங்கள். பயிற்சியை எதற்குப் பறிக்கிறீர்கள்?

ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் சட்டமன்றக் கட்டடத்துக்கு வரும் பொதுமக்கள் மெட்டல் டிடெக்டரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவருக்குச் சோதனையில்லாத விரைவு வழி உண்டு. 2021க்குப் பிறகும் அந்த வழியில் போக உரிம அட்டையைக் காட்ட வேண்டும். ஊருக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய உரிமத்தைத் தங்கள் வாசலில் மட்டும் அவர்கள் இன்னும் நம்புகிறார்கள்.