வேலை கொடுத்தோம் என்போருக்கு

2017 ஆம் ஆண்டு ஜூன் மாதம் கேரளத்தின் கொச்சி நகரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. பயணச்சீட்டு வழங்கவும் நிலையங்களைத் துப்புரவு செய்யவும் மாற்றுப்பாலினத்தார் 23 பேர் நியமிக்கப்பட்டனர். பாராட்டுரைகள் முழங்கின. ஆனால், அதிக நாள் செல்லுமுன்னரே அவர்களுள் 8 பேர் விலகிவிட்டனர். சோம்பலா? திறமைக் குறைவா? இரண்டுமன்று. அந்நகரில் அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பாரில்லை. நாள்வாடகை விடுதிகளோ ஊதியத்தை விழுங்கின.

இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இலேயே கல்வியிலும் அரச பணியிலும் இவர்களுக்கு ஒதுக்கீடு வழங்கப் பணித்திருந்தது. கேரளம் 2015 இல் தனிக் கொள்கையே வகுத்திருந்தது. தீர்ப்பு இருந்தது; கொள்கை இருந்தது; வேலையும் இருந்தது. இரவில் தலை சாய்க்க ஓர் அறை இருக்கவில்லை!

"வேலை கொடுத்தோம், நிலைத்து நிற்கவில்லை" என்று பேசுவோர் ஒன்றை மறக்கின்றனர். உழைப்பு வானத்திலிருந்து வீழ்வதன்று. உண்டு, உறங்கி, எழும் மனிதரிடமிருந்தே பிறப்பது. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரும் இதை அறிந்திருந்தனர். கருணையினாலா லயங்களைக் கட்டினர்?

அயலவரைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. இலங்கையில் 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற வழி திறந்தது. அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். நன்று. ஆனால் பாதியிலே பள்ளியை விட்டோடிய இளம் திருநங்கையிடம் திருத்துவதற்குப் பரீட்சைச் சான்றிதழ் ஏது? வேலையின்றித் தெருவில் நிற்பவளைப் பிடிப்பதற்கோ 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பயன்பட்டு வந்திருக்கிறது. வேலையை மறுப்பதும் சமுதாயம்; வேலையில்லாதவளைத் தண்டிப்பதும் அதே சமுதாயம்!

பள்ளியை விட்டு அவளை ஓடச் செய்தவர் யார்? நடையையும் குரலையும் பழித்து மாணவர் நகைத்தபோது, உடன் நகைத்த ஆசிரியர் எம்முள் இல்லையா? நேர்முகப் பரீட்சையில் அடைபடும் கதவு, வகுப்பறையிலேயே முதன்முதல் அடைபட்டுவிட்டது.

கர்நாடகம் 2021 இல் அரச பணிகளில் 1 வீதத்தை ஒதுக்கியது. அத்தகைய ஒதுக்கீடு இங்கும் வேண்டும். அதனோடு தங்குமிடமும், இடைநின்றோர்க்குத் தொழிற்பயிற்சியும், பெயர் மாறியோர்க்குத் தடையின்றித் திருத்தப்படும் சான்றிதழ்களும் வேண்டும். வேலைத்தலத்தில் இழிவுபடுத்தப்படும் திருநங்கைக்காகத் தொழிற்சங்கம் குரலெழுப்ப வேண்டும்; "இது எமது பிரச்சினையன்று" என ஒதுங்கும் சங்கம், தொழிலாளர் ஒற்றுமை பற்றிப் பேசும் தகுதியை இழக்கும்.

இவை பிச்சையல்ல, உழைக்க முன்வந்தவரின் உரிமை. ஆசிரியத் தோழர்களே, சட்டம் வரும்வரை காத்திராது இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு: நாளை வகுப்பறையில் அந்த நகைப்பு எழும்போது அதைத் தடுத்து நிறுத்துங்கள்.