தேரில் மாதா... முடிவெடுக்கும் இடத்தில் பெண்கள் எங்கே?

ஆடி வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பார்க்காத புதுச்சேரிக்காரர்கள் குறைவு. மேற்கே வில்லியனூரில் லூர்து மாதாவுக்கும் தேர் உண்டு. இரண்டு தேரிலும் வீற்றிருப்பவள் பெண். ஆனால், ஊர்க் கூட்டத்திலும் பங்குக் கூட்டத்திலும் முடிவெடுப்பது யார்? கடற்கரை ஊர்களின் மரபுப் பஞ்சாயத்து பெரும்பாலும் ஆண்கள் சபைதான். ஆக, இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை. இருந்தாலும் திருச்சபையில் இதற்கு எழுத்துப்பூர்வமான சட்டமே இருக்கிறது.

"மாதாவைத் தேர்ல வெச்சு இழுக்கறோம், சிஸ்டர் மட்டும் ஏன் பூசை வைக்கக் கூடாது?" ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1024-ன்படி, திருமுழுக்கு பெற்ற ஆண் மட்டுமே குருப்பட்டம் பெற முடியும். 1994 மே மாதம் இரண்டாம் யோவான் பவுல் இதை மீண்டும் உறுதி செய்தார். இயேசு பன்னிரு அப்போஸ்தலர்களையும் ஆண்களிலிருந்தே தேர்ந்தெடுத்தார் என்பது முக்கியக் காரணம்.

எதிர்த்தரப்பும் பைபிளைத்தான் காட்டுகிறது. உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு, சீடர்களுக்குச் சொன்னவர் மகதலா மரியா. கெங்கிரேயா சபையில் தொண்டாற்றிய பெபேயாளை ரோமர் நிருபத்தின் 16-ஆம் அதிகாரம் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. பெண்களைத் திருத்தொண்டர்களாக்கலாமா என்று ஆராய 2016-லும் 2020-லும் போப் பிரான்சிஸ் குழுக்கள் அமைத்தார். கதவு இன்னும் திறக்கவில்லை.

கதவு திறந்த இடத்தில்?

1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் (சிஎஸ்ஐ) 1976 முதல் பெண்கள் குருத்துவம் பெறுகிறார்கள். ஆனால், முதல் பெண் பேராயராக நந்தியால் மறைமாவட்டத்துக்கு புஷ்பா லலிதா வந்தது 2013-ல்தான். சட்டம் வழிவிட்ட பிறகும் 37 ஆண்டுகள்! சட்டம் மாறினால் மட்டும் போதாது, மனசும் மாறணும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ரோமில் மாறியது என்ன?

பீடத்தில் வாசகம் வாசிக்கும் பணியையும் பீடத்துணைவர் பணியையும் 2021-ல் பெண்களுக்கும் அதிகாரப்பூர்வமாகத் திறந்துவிட்டார் பிரான்சிஸ். 2023 அக்டோபர் ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் வாக்களித்தனர். சுமார் 365 வாக்காளர்களில் 54 பேர். 2025 ஜனவரியில் வத்திக்கான் துறை ஒன்றின் தலைமைக்கு சிமோனா பிராம்பிலா என்ற அருட்சகோதரி வந்தார். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2010-லேயே பாலினக் கொள்கை வெளியிட்டிருக்கிறது.

நம்ம பங்கில் என்ன செய்யலாம்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. குருப்பட்டத்துக்கு ரோம் அனுமதி வேண்டும். ஆனால், பங்கின் நிதிக்குழுவில் பெண்கள் உட்கார எந்தச் சட்டமும் தடையில்லை. அந்தக் குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தாக வேண்டும் என்கிறது சட்டம் 537. பங்குப்பேரவை, மறைமாவட்ட நிதிக்குழு, மறைமாவட்டச் செயலர் பொறுப்பு எல்லாவற்றுக்கும் பெண்களை நியமிக்கலாம்.

புதுச்சேரிக்கு இது புதுசும் இல்லை. பெண் பிள்ளைகளின் படிப்புக்காகவே 1844-ல், பிரெஞ்சு மிஷனரி துபுய் அடிகளாரால் இங்கே ஒரு கன்னியர் சபை தொடங்கப்பட்டது. பெண்கள் படிப்பதையே ஊர் ஏற்காத காலம் அது. பள்ளிகளை நடத்தி, கணக்கு பார்த்து, தலைமுறைகளை உருவாக்கிய சிஸ்டர்களுக்கு ஒரு பங்கின் வரவு செலவைப் பார்க்கத் தெரியாதா?

கோவிலைக் கூட்டிப் பெருக்கி, பூ அலங்காரம் செய்து, பாடல் குழுவில் பாடி, அன்பியக் கூட்டத்தையும் நடத்துவது பெண்கள். திருவிழாச் செலவை முடிவு செய்யும்போது மட்டும் அவர்கள் வெளியே நிற்பது நியாயமில்லை. பெண்கள் பலிபீடத்தில் நிற்பது பற்றிய விவாதம் இன்னும் பல காலம் நடக்கலாம். கணக்கு நோட்டைப் பெண்கள் கையில் கொடுக்க அடுத்த பங்குப்பேரவைக் கூட்டமே போதும்.