‘அங்கே’ என்னும் சொல்



வண்டியூரில் பார்வை இழந்த முதியவர் ஒருவர் வாழ்கின்றார். சென்ற மாதம் நற்கருணை ஏந்தி அவர் இல்லம் சென்றோம். கட்டிலைத் தடவித் தம் செபமாலையைத் தேடிக்கொண்டிருந்தார். “அங்கேதானே இருக்கிறது தாத்தா” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. பெரியவர் புன்னகைத்தார். “சாமி, இந்த வீட்டில் எல்லாப் பொருளும் ‘அங்கே’தான் இருக்கின்றன. அந்த ‘அங்கே’ எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை” என்றார்.

அக்குறையைப் போக்க இன்று அறிவியல் முயல்கின்றது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டினால், இது சாவி, இது குவளை என்று கணினி கற்றுக்கொள்ளும். இதனை இயந்திரக் கற்றல் என்பர். ஆனால் பார்வையற்றவர் தேடுவது ஏதோ ஒரு சாவியை அன்று, தம்முடைய சாவியை. அதற்கு ஆயிரம் படங்கள் ஏது? மேலும், அவர் எடுக்கும் படத்தில் பொருள் ஓரத்தில் ஒதுங்கும், பாதி மறையும், கலங்கித் தோன்றும். ஆதலால் அறிஞர்கள் பார்வையற்றோரையே இயந்திரத்திற்கு ஆசிரியராக்கினர். இலண்டன் சிட்டி பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஈடுபட்ட ‘ஆர்பிட்’ திட்டத்தில், பார்வையற்றோர் தம் உடைமைகளைத் தம் கைப்பேசியாலேயே படம்பிடித்து அனுப்பினர். 2021-இல் வெளியான அத்தொகுப்பில் 486 பொருள்களின் 3,822 நிகழ்படங்கள் உள்ளன. பின்னர் 2024-இல், ‘சீயிங் ஏஐ’ என்னும் செயலியில் இவ்வசதி வந்தது. பொருளைச் சில குறும்படங்களாக முன்னரே காட்டி வைத்தால், தேடும்போது கைப்பேசி அதனைக் கண்டு, ஒலியால் அருகே அழைத்துச் செல்கின்றது. அது ‘அங்கே’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவதில்லை.

ஆயினும், மூடிய அலமாரிக்குள் இருப்பதை அது காணாது. காட்டி வைக்காத பொருளை அறியாது.

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் பத்து வெள்ளிக் காசுகளில் ஒன்றைத் தொலைத்த பெண்ணைக் காண்கின்றோம். எஞ்சிய ஒன்பது போதும் என்று அவள் அமையவில்லை, யாரையும் கடிந்துகொள்ளவுமில்லை. விளக்கேற்றினாள், வீட்டைக் கூட்டினாள், கண்டுபிடிக்கும்வரை தேடினாள்.

நம் இல்லங்களிலோ நிலை வேறு. பார்வையற்றவர் பொருளைத் தொலைப்பது அரிது. வைத்த இடம் அவர் கைக்கு மனப்பாடம். பெருக்கும்போதும் அடுக்கும்போதும் இடம் மாற்றுகிறவர்கள் நாமே. ஒரு நாளில் பத்து முறை கேட்டுச் சலிப்பான மறுமொழி பெற்றவர், பதினோராம் முறை கேளாமலே இருந்துவிடுவார். அன்று தொலைவது செபமாலை மட்டுமன்று.

தொலைந்த பொருளுக்காகப் பதுவைப் புனித அந்தோணியாரை மன்றாடுவது நம் வழக்கம். மன்றாடுவோம். இயலுமாயின் பிள்ளைகள் அச்செயலியையும் அமைத்துத் தரட்டும். அதற்கு முன், எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்போம், மாற்றினால் சொல்வோம். ‘அங்கே’ என்னாது, “உங்கள் வலப்பக்கம், ஒரு முழம் தள்ளி” என்போம். அவர் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டுவது இன்னும் நன்று.

இதனை எழுதும் தகுதி நமக்கும் குறைவே. அன்று நற்கருணைக்கு இடம் செய்வதற்காக, கட்டிலருகே மேசையிலிருந்த அவரது தண்ணீர்ச் செம்பைச் சன்னலோரம் நகர்த்தி வைத்தோம். சொல்லாமலே திரும்பினோம். இரவு செபத்தின்போதுதான் நினைவு வந்தது. விடிந்ததும் அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம்.

“இரவெல்லாம் தேடினேன் சாமி, பிள்ளைகள் தூங்குகிறார்களே என்று கேட்கவில்லை” என்றார்.