வெட்டி வேலை

போன கார்த்திகைக்கு எங்கள் காலனி மாலைநேரப் பள்ளியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாவளி செய்யலாம் என்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழர் முகத்தைச் சுளித்தார். "ஏன் தோழர், தலைக்கு மேல வேலை கெடக்குது. இந்த வெட்டி வேலையெல்லாம் எதுக்கு?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல ஆள் தேடி நாங்கள் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. கல்வி உதவித்தொகை மனுக்கள் ஒரு கட்டு எழுதப்படாமல் கிடந்தன. ஆனாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை. வெட்டி வேலை.

வெட்டி என்பது என்ன சொல் என்று யோசித்திருக்கிறீர்களா? சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே அது இருக்கிறது. கூலி கிடையாது, மறுக்கவும் முடியாது, கூப்பிட்டால் போய்ச் செய்து தீரவேண்டும். அந்தக் கட்டாய உழைப்புக்குத்தான் வெட்டி என்று பேர். வெட்டியான் என்ற பேரும் அதே வேர்தான். வாய்க்கால் வெட்டியது, ஏரிக்கரை போட்டது, செத்தது சுமந்தது, குழி தோண்டியது எல்லாம் வெட்டியில்தான் நடந்தது. அந்த வேலை இல்லாமல் ஊர் ஒருநாள் ஓடியிருக்காது. ஆனால் இன்றைக்கு வெட்டி வேலை என்றால் யாருக்கும் உபயோகமில்லாத வேலை என்று அர்த்தம். வெட்டிப்பயல் என்றால் சோம்பேறி. முதுகு ஒடியச் செய்தவனுடைய வேலையின் பேரை எடுத்துச் சோம்பேறிக்குச் சூட்டியது யார்? மொழிக்குள்ளேயே நம்மை ஏய்த்திருக்கிறார்கள்.

சரி, மாவளிக்கு வருவோம். நகரத்துத் தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆண்பனையின் காய்ந்த பாளைகளைப் பொறுக்கிக் குழியில் போட்டுக் கொளுத்த வேண்டும். நன்றாகக் கனன்றதும் மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். சாம்பலாகிவிடக் கூடாது, கரியாக நிற்க வேண்டும். அந்தக் கணக்கு கைக்குத்தான் தெரியும், வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. கரியை எடுத்து மைபோல இடித்து, பழைய பருத்தித் துணியில் சுருட்டி, இறுக்கித் தைத்து, பனமட்டையைப் பிளந்து அதற்கு நடுவில் வைத்துக் கட்டி, நீளமாக ஒரு கயிறு. முனையில் நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொறி வட்டம் வட்டமாகக் கொட்டும். காசு கொடுத்து வாங்கின எந்தப் பட்டாசும் அதற்கு ஈடாகாது. (இது என் கட்சி. ராக்கெட் கட்சிக்காரர்கள் மன்னிக்கவும்.)

எங்கப்பா இதில் கெட்டிக்காரர். அதனாலேயே கார்த்திகை பிறந்தால் ஆண்டை வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். "பசங்களுக்குப் பத்து மாவளி கட்டிக் குடுத்துட்டுப் போவச் சொன்னாங்க." பாளை பொறுக்குவது, சுடுவது, இடிப்பது எல்லாம் அப்பா. துணிகூட எங்க ஆயாவின் கிழிந்த சேலைதான். கூலி என்ன தெரியுமா? தீபத்துக்கு மறுநாள் பின்பக்கம் போய் நின்றால் ரெண்டு பொரி உருண்டை. பத்தையும் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து, ராத்திரி சிம்னி வெளிச்சத்தில் மிச்சக் கரியில் எனக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கொன்று கட்டுவார். எங்களுடையதில் மட்டும் ஒரு கை உப்பு சேர்த்து இடிப்பார். பொறி படபடவென்று வெடிக்கும். ஏம்பா அவங்களுக்குப் போடலன்னு கேட்டேன். "அவங்க கேக்கல" என்று சிரித்தார்.

அதே கை. அதே கரி. அதே ராத்திரி. பத்து மாவளி வெட்டி, ரெண்டு மாவளி விளையாட்டு. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

'பொழுதுபோக்கு' என்ற வார்த்தையை மேட்டுக்குடிப் பத்திரிகைகள் பயன்படுத்துவதைப் பாருங்கள். கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, நவராத்திரிக்கு ஒன்று என்று கைவேலை சொல்லித் தருகிறார்கள். களிமண் பிசைந்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். இருக்கலாம். சேற்றில் நாற்று நட்ட நம்ம பெண்களுக்கு ஏன் அப்படி ஆகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. போக்குவதற்கு முதலில் பொழுது கையில் இருக்க வேண்டும். நிலமில்லாத கூலிக்குப் பருவம் என்பது நடவு, களை, அறுப்பு. அது முடிந்தால் பங்குனி, சித்திரை. அவனுக்கு அது ஓய்வல்ல, வேலை கிடைக்காத காலம்.

அப்படிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மைதான். ஏனென்றால் அந்த வெறும் வயிற்றுச் சித்திரையிலும் நாங்கள் நுங்கு வண்டி ஓட்டினோம். தின்று தீர்த்த கூந்தல் ரெண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டை. ஆடிக் காத்தில் பனையோலைக் காத்தாடி, அதற்கு அச்சாணி கருவேல முள். ஐப்பசி மழை விட்டால் களிமண்ணில் மாடு, சட்டி, பஸ். மார்கழியில் அக்கா போடுகிற கோலம் தெருவை அடைத்துவிடும், எங்கள் தெருவுக்கு அகலம் அவ்வளவுதான். இதெல்லாம் எங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. யாரும் கூப்பிட்டுச் செய்யச் சொல்லவும் இல்லை. நம் பண்பாட்டை வரலாறாக எழுதுகிறபோது அடிபட்டதை எழுதுகிறோம், எரிந்த குடிசையை எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் நுங்கு வண்டியை எழுத மறந்தால், நமக்கு நாமே சந்தோஷம் இல்லாதவர்கள் என்று சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பு என்று ஒன்று இருந்தது. ஆறாம் வகுப்பு. வாத்தியார் எல்லாரையும் வீட்டிலிருந்து ஏதாவது செய்து கொண்டுவரச் சொன்னார். நான் ஓலையில் ஒரு கிளி முடைந்துகொண்டு போனேன். கழுத்து திரும்பும், வால் ஆடும். வாத்தியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். "கை நல்லா வருது. அடுத்த வாரம் வகுப்புக்கு நாலு ஈக்குமாரு கட்டி எடுத்தா" என்றார். மற்றப் பையன்களுக்கு அட்டையில் வீடு செய்கிற வேலை. எனக்கு மட்டும் விளக்குமாறு. கிளி அவர் மேசையிலேயே காய்ந்தது. அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் நான் ஓலையைத் தொடவில்லை. நம்மில் பலருக்கு இப்படி ஒரு கிளி இருக்கும். கையில் வேலை இருக்கிறது என்று காட்டிக்கொண்டாலே சாதி தெரிந்துவிடும் என்று கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டவர்கள் நாம்.

இந்தப் பயம் காரணமில்லாத பயம் அல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமத்துப் பிள்ளையைப் பாதி நேரம் பள்ளிக்கூடத்தில் வைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றது. குலக்கல்வி என்று பேர் வைத்துத் தமிழ்நாடே எதிர்த்தது, 1954இல் காமராசர் வந்து அதைத் தூக்கினார். எழுபது வருஷம் கழித்து 2023 செப்டம்பரில் விஸ்வகர்மா திட்டம் என்று ஒன்றிய அரசு மறுபடி வந்தது. 18 தொழில். செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், கூடை பாய் விளக்குமாறு செய்பவர் எல்லாம் பட்டியலில் உண்டு. வயது 18 ஆனால் போதும், குடும்பத்தில் பாரம்பரியமாகச் செய்துவருபவராக இருக்க வேண்டும். பதினெட்டு வயசு நம்ம பிள்ளை கல்லூரி வாசலில் நிற்கிற வயசு. அங்கே போய்க் கடன் தருகிறேன், அப்பன் கத்தியை எடு என்றால் என்ன அர்த்தம்? இப்போதிருக்கிற வடிவத்தில் ஏற்க முடியாது என்று 2024இல் தமிழக அரசு சொன்னது. 2025இல் சாதி, குடும்ப நிபந்தனை இல்லாமல் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு கைவினைத் திட்டம் தொடங்கியது. அந்த மட்டுக்கும் சரி. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிற ஆட்களையே பிரித்து அடுக்குவது என்று 1936இல் பாபாசாகேப் எழுதியதை இன்னும் எத்தனை தடவை விளக்குவது?

ஆக, கைவினைக்குக் கொடி பிடிக்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் கூடையை வைத்து ஆஹா என்பார்கள். முடைந்தவளுக்கு வீட்டுக்குள் தண்ணீர் தரமாட்டார்கள். ஆனால் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிற நம் தோழரோடும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாற்காட்டில் எல். இளையபெருமாள் போன்றவர்கள் சாவுக்குப் பறையடிக்கப் போகாதே என்று இயக்கம் நடத்தினார்கள். எத்தனையோ சேரிகளில் பறையை உடைத்தார்கள், கொளுத்தினார்கள். அது சரியான கோபம். எங்க தாத்தா புளியங்கொட்டைப் பசை காய்ச்சித் தோல் ஒட்டி, மழைக்காலத்தில் தோல் தொய்ந்து போகிறதே என்று வைக்கோல் தீயில் காட்டிக் காட்டிக் காய்ச்சினது எல்லாம் இன்னொருத்தன் வீட்டுப் பிணத்துக்காக. அதை நிறுத்தத்தான் வேண்டும். பிறகு 90களில் என்ன நடந்தது? திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்பிள்ளைகள் பறையை இடுப்பில் கட்டினார்கள். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பெண் கைக்கு வந்தது. மேடையில், பேரணியில், கல்லூரியில் அடித்தார்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது வந்ததால் இழிவு போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. சாவுக்கு வா என்கிற ஊர் இன்னும் இருக்கிறது, மறுத்தால் அடிக்கிற ஊரும் இருக்கிறது. நான் சொல்வது வேறு. கட்டையும் தோலும் எப்போதும் ஒன்றுதான். யார் கூப்பிட்டு அடிக்கிறோம், மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கேள்வி அவ்வளவுதான். மாட்டேன் என்று சொன்ன தலைமுறை இல்லையென்றால் ஆசைப்பட்டு அடிக்கிற தலைமுறை வந்திருக்காது.

காலையில் வேட்டையாடி, மத்தியானம் மீன்பிடித்து, சாயந்திரம் மாடு மேய்த்து, சாப்பிட்டபின் விமர்சனமும் எழுதலாம், ஆனால் வேடனாகவோ மீனவனாகவோ இடையனாகவோ ஆகிவிட வேண்டியதில்லை என்று மார்க்ஸும் எங்கெல்ஸும் 1845-46 வாக்கில் எழுதி வைத்தார்கள். நம் மார்க்சியத் தோழர்கள் அதைப் படித்துவிட்டு, மாடு மேய்க்கிறவன் பிறப்பாலேயே இடையனாக இருக்கிற நாட்டில் அது என்ன வெடிகுண்டு என்று யோசிக்காமல் போய்விட்டார்கள். கூடை முடையலாம், ஆனால் முடைகிறவளின் மகளாக ஆகவேண்டியதில்லை. இந்த நாட்டுக்கு இப்படி எழுத வேண்டும். பாபாசாகேப் தன் கடைசிக் காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். சட்ட மசோதா, மதமாற்றம், உடம்பெல்லாம் நோய். இதற்கு நடுவில் வயலின். அந்த வயலின் இன்றைக்கும் புனேயில் காட்சிக்கு இருக்கிறது. எதற்குக் கற்றார்? கச்சேரிக்கா போகப் போகிறார்? நம் சிலைகளில் அவர் கையில் புத்தகம் இருக்கிறது, விரல் நீட்டுகிறார். வயலினோடு ஒரு சிலையை நான் பார்த்ததில்லை.

எங்க அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஓலையைத் தொடமாட்டாள். ஆயா எவ்வளவோ சொல்லியும் தொடவில்லை. ஆனால் ஒயர் கூடை பின்னுவாள். பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் ஒயர் கட்டு வாங்கி வந்து, நடவு இல்லாத நாட்களில் திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள். சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண். எண்ணிக்கை தப்பினால் முழுசும் பிரித்துப்போட்டு மறுபடி ஆரம்பிப்பாள். ஊர்த்தெருப் பெண்களும் அதையேதான் பின்னினார்கள். ஒரு முடிச்சு புரியவில்லை என்று அங்கிருந்து ஒரு பெண் காலனிக்கே வந்து அக்காவிடம் கேட்டுப் போனது எங்கள் தெருவில் ஒரு வாரம் பேச்சு. ஏன் நடந்தது? பிளாஸ்டிக் ஒயருக்குக் குலத்தொழில் கிடையாது. அது நேற்று பிறந்த சாமான். மனுவுக்கு அது தெரியாது. கைவினை என்றாலே பழசு, பாரம்பரியம், இயற்கை என்று உருகுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சுற்றுச்சூழல் தோழர்கள் பிளாஸ்டிக்குக்காக என்மேல் கோபப்படுவார்கள். படட்டும். அக்காவின் கூடை முப்பது வருஷமாக இன்னும் கிழியவில்லை, அதில்தான் நியாயவிலை அரிசி வருகிறது.

சுட்டுவிட்டோம், போன கார்த்திகையில். தோழரும் வந்தார். முறைத்துக்கொண்டே வந்து, கரி இடிக்க ஆரம்பித்து, கடைசியில் பிள்ளைகளிடமிருந்து உலக்கையைப் பிடுங்கிக்கொண்டார். நான் முதல் குழியை மூடுவதற்குள் பாதி சாம்பலாகிவிட்டது, எங்கப்பா கணக்கு எனக்கு வரவில்லை. ரெண்டாவது குழி தேறியது. ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி, "இத யாருக்குண்ணா குடுக்கணும்?" என்று கேட்டாள். யாருக்கும் இல்ல, ஒனக்குத்தான் என்றேன். நம்பாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். உப்பு போட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. போட்டிருந்தேன்.

அடுத்த கார்த்திகைக்கும் உண்டு. ஏரிக்கரைப் பக்கம் ஆண்பனை மிச்சமிருக்கிற தோழர்கள் உதிர்ந்த பாளைகளை இப்போதே பொறுக்கி நனையாமல் வைக்கவும். பழைய பருத்திச் சேலை கொண்டுவரலாம், பாலியஸ்டர் வேண்டாம், உருகிக் கையில் ஒட்டும். இடிக்க ஆள் இருக்கிறார்.