மருந்து வேலிஃபீல்டில இருந்துதான் வருது



கொஞ்ச நாளாக எங்கட வட்டங்களில ஒரு யோசனை சுத்துது. துவக்கு உரிமம் எடுக்க வேணும், சுடப் பழக வேணும், அதுக்கும் மேல தோட்டாவை வீட்டிலேயே நிரப்பப் பழக வேணும். அமெரிக்காவில இருக்கிற இடதுசாரித் துவக்குக் கழகங்களைப் பார்த்து வந்த ஆசை இது. காரணமாகச் சொல்லப்படுறது மூன்று: பாசிசம் வளருது, பொலிசை நம்ப ஏலாது, கடையில தோட்டா விலை கூடிப்போச்சு. நான் இந்த யோசனைக்கு எதிர். "ஐயோ வன்முறை" எண்டு கையைப் பிசையிற எதிர்ப்பு இல்லை. தோட்டா நிரப்புறதைச் சுயசார்பு எண்டு சொல்றார்களே, அதுதான் எனக்குப் பிரச்சினை.

முதல்ல இந்த வேலை என்ன எண்டு பார்ப்பம். சுட்ட பிறகு விழுற பித்தளைக் கோதைப் பொறுக்கித் துப்புரவாக்கி, அடியில இருக்கிற பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, கோதைக் கை அழுத்தியில வைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேல ரவையைப் பொருத்துறது. கனடாவில இது சட்டப்படி சரி. 2013ஆம் ஆண்டின் வெடிபொருள் ஒழுங்குவிதிகள் சொந்தப் பாவனைக்கு நிரப்ப விடுகின்றன, விற்க விடுவதில்லை. கியூபெக்கில மான் வேட்டைக்குப் போற எத்தனையோ பேர் கராஜில இதைச் செய்கிறார்கள். பொறுமை வேணும், கவனம் வேணும். மருந்து கூடினால் துவக்கு சுடுறவரின்ர முகத்துக்கு முன்னாலேயே வெடிக்கக்கூடும்.

ஆனா கணக்கைப் பாருங்கோ. ஒரு தோட்டாவில நாலு சாமான்: கோது, பிரைமர், மருந்து, ரவை. திரும்பப் பாவிக்கக் கூடியது கோது மட்டும்தான். ரவையை விரும்பினால் ஈயத்தை உருக்கி நீங்களே வார்க்கலாம் (அந்தப் புகையைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில சுவாசிக்கிறது வேற கதை). பிரைமரும் மருந்தும் தொழிற்சாலையில இருந்துதான் வரும். வேற வழி இல்லை.

எந்தத் தொழிற்சாலை? புரோசார்டில இருக்கிற எங்களுக்கு இது தூரத்துக் கேள்வி இல்லை. டிஸ்30க்குப் பெயர் வந்ததே 10ஆம், 30ஆம் நெடுஞ்சாலைகள் அதில சந்திக்கிறதால. அந்த 30இல மேற்குப் பக்கம் ஏறினால், ஷத்தோகே தாண்டி, ஒரு மணித்தியாலத்துக்குள்ள சலபெரி-ட-வேலிஃபீல்டுக்குப் போய்ச் சேரலாம். இரண்டாம் உலகப் போருக்கெண்டு கட்டின வெடிமருந்துத் தொழிற்சாலை இன்னும் அங்கே ஓடுது. இப்ப அது ஜெனரல் டைனமிக்ஸ் கைக்குள்ள. வட அமெரிக்காவில வீட்டில தோட்டா நிரப்புறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாவித்த ஐ.எம்.ஆர். மருந்து பல வருடம் இந்த வேலிஃபீல்டில செய்ததுதான். அந்தப் பெயரில இருக்கிற 'எம்' எண்ட எழுத்துக்கு 'மிலிட்டரி' எண்டு அர்த்தம். ஒருத்தரும் அதை மறைக்கவில்லை.

2022இல உக்ரேன் போர் பெருத்த பிறகு உலகம் முழுக்க எறிகணைக்கு அடிபாடு. மருந்துக்கு மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் தட்டுப்பாடாகி, பொழுதுபோக்குக்கு நிரப்புறவர்கள் வாங்குற டப்பாவும் விலை ஏறினது. கடைத் தோட்டாவின்ர விலையில இருந்து தப்ப வழி தேடினவர்கள் போய் நிக்கிறது அதே இராணுவ வரிசையின்ர கடைசியில. தக்காளி நட்டால் கொஞ்சமாவது லோப்லாவை விட்டு விலகலாம். வீட்டில தோட்டா நிரப்பினால் ஜெனரல் டைனமிக்ஸை விட்டு விலக ஏலாது, அவர்களுக்கு நிரந்தர வாடிக்கையாளராகலாம்.

அந்தக் கம்பெனியைப் பற்றி இன்னொரு விசயம். 2024 ஆகஸ்டில அமெரிக்க அரசு இஸ்ரேலுக்கு 50,000 மோட்டார் எறிகணை விற்க ஒப்புதல் அறிவித்தது. 120 மி.மீ., கிட்டத்தட்ட 61 மில்லியன் டொலர். முதன்மை ஒப்பந்தக்காரர் கியூபெக்கில இருக்கிற ஜெனரல் டைனமிக்ஸ். செப்டம்பரில அப்போதைய வெளியுறவு அமைச்சர் மெலனி ஜோலி, 30 அளவான ஏற்றுமதி அனுமதிகளை நிறுத்திவைத்ததாகவும், கனடாவில செய்த ஆயுதம் காசாவுக்குப் போக விடமாட்டோம் எண்டும் சொன்னார். ஆனால் அமெரிக்காவுக்குப் போற இராணுவச் சாமான்களில பெரும்பாலானவைக்கு அனுமதியே தேவையில்லை. எல்லை தாண்டிய பிறகு அது எங்கே போகுது எண்டு கேட்க ஆளில்லை. 1996இல இருந்து கிபிர் எண்ட சொல்லை எங்கட வீடுகளில ஒருத்தருக்கும் விளக்க வேண்டி வந்ததில்லை. அது எந்த நாட்டு விமானம் எண்டும் தெரியும். அப்படியான வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கம்பெனி மருந்தை நிறுத்துப் போட்டு நிரப்பிக்கொண்டு "நாங்க தன்னாட்சி" எண்டு சொன்னால் எனக்குச் சிரிப்பும் வருது, கோபமும் வருது.

பயம் பொய் எண்டு நான் சொல்லமாட்டன். 2017 ஜனவரி 29, கியூபெக் நகரப் பள்ளிவாசலில தொழுகை முடிந்த நேரம் 6 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவனிடம் துவக்கு உரிமம் இருந்தது. 1989 டிசம்பர் 6, மொன்றியல் பொலிடெக்னிக்கில 14 பெண்களைக் கொன்றவனும் துவக்கைக் கடையில சட்டப்படி வாங்கினவன்தான். இரண்டு இடத்திலயும் உயிர் தப்பினவர்களும், செத்தவர்களின்ர குடும்பங்களும் என்ன கேட்டார்கள்? பொலிடெக்னிக் ஆட்கள் முப்பது வருடத்துக்கு மேலாகத் துவக்குக் கட்டுப்பாடு கேட்கிறார்கள். பள்ளிவாசல் ஆட்களும் அவர்களோட சேர்ந்து நின்று அதையே கேட்டார்கள். எங்களைவிடக் கிட்ட நின்று பாசிசத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். "பாதுகாப்பு" எண்டு நாங்க வாய் திறக்க முதல் அவர்கள் சொன்னதை வாசிக்க வேண்டாமா?

அதே 1989இல, பொலிடெக்னிக்குக்கு 76 நாள் முன்னால, செப்டம்பர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திரணகம சைக்கிளில வீடு திரும்பும்போது சுடப்பட்டார். 'முறிந்த பனை' எழுதின நாலு பேரில ஒருவர். ஒரு காலத்தில காயப்பட்ட புலிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். யார் சுட்டது எண்டதை அவரோட வேலை செய்தவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள்: புலிகள். அதுக்கு மூன்று வருடம் முன்னால, 1986இல, டெலோ பெடியளைத் தெருவில வைத்துச் சுட்டதும் விடுதலைக்கெண்டு சேர்த்த ரவைதான். அரசின்ர கொலைகளை மறைக்க இதைச் சொல்லவில்லை. எங்களுக்குள்ள கேள்வி கேட்டவர் மேல திரும்பாத ரவையை எங்கட இயக்கங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை எண்டதுக்காகச் சொல்றன்.

சுயசார்பு எண்ட சொல்லையும் எங்கட சனம் ஏற்கனவே வாழ்ந்து பார்த்துவிட்டது. பொருளாதாரத் தடைக்குள்ள இருந்துகொண்டு பசீலன் மோட்டார் செய்தது, மிதிவெடி செய்தது எண்டு பெரியாட்கள் பெருமையாகக் கதைப்பார்கள். கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. அந்தக் கெட்டித்தனத்தின்ர மிச்சம் ஜொனி-95, ரங்கன்-99. ரங்கன் பாகிஸ்தான் மிதிவெடி ஒன்றைப் பார்த்துச் செய்தது, அதாவது உள்ளூர் தயாரிப்பின்ர அச்சும் வெளியில இருந்து வந்ததுதான். இராணுவம் புதைத்ததையும் புலிகள் புதைத்ததையும் முகமாலையில வருடக் கணக்காக ஒவ்வொரு சாணாகக் கிளறி எடுத்தவர்களில பெரிய பங்கு பெண்கள். போரில ஆளை இழந்த வீடுகளில இருந்து சம்பளத்துக்கு வந்தவர்கள், வெயிலில முகமூடி போட்டு முழந்தாளில நின்று.

ஓகாவைப் பற்றிச் சொல்லுவீர்கள், தெரியும். 1990, கனசத்தாகே, 78 நாள், மோஹோக் ஆட்கள் ஆயுதத்தோட நின்றார்கள், நிலம் தப்பியது. உண்மை. ஆனால் ஜூலை 11 காலையில பொலிஸ் வந்தபோது முன்னால போய் நின்றது பெண்கள். பேச்சாளராக எலன் கேப்ரியலைத் தெரிந்தது லோங்ஹவுஸ் மக்கள். கானவாகே ஆட்கள் மெர்சியே பாலத்தை மறித்ததால தென்கரை முழுக்க ஸ்தம்பித்தது. அங்கே துவக்குக்குப் பின்னால நிலம் இருந்தது, தலைமுறைகளின்ர முடிவெடுக்கும் முறை இருந்தது, பக்கத்து ஊர் இருந்தது. எங்களிட்ட இருக்கிறது ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு வாசிப்பு வட்டமும். துவக்கை மட்டும் அங்கே இருந்து கழற்றி எடுத்து புரோசார்ட் பேஸ்மென்டில பூட்ட ஏலாது.

சட்டத்தைப் பற்றியும் கண்ணைத் திறந்து கதைப்பம். 2006 ஏப்ரலில கனடா புலிகளைத் தடை செய்தது. அதே வருடம் ஆகஸ்டில, நியூயோர்க் லோங் ஐலண்டில ஏவுகணையும் ஏகே-47உம் வாங்கப் போன கனடாத் தமிழ் இளைஞர்கள் எப்.பி.ஐ. விரித்த வலையில மாட்டினார்கள். 2010இல மூன்று பேருக்கு 25 வருடத்துக்குக் குறையாத சிறை. தோட்டா நிரப்புறதும் ஏவுகணை வாங்குறதும் ஒண்டில்லை, சரி. ஆனால் சென்-ஜானில ஒரு வெள்ளைக்கார மாமாவின்ர மேசையில இருக்கிற மருந்து டப்பாவும், போராட்டத்துக்குப் போற தமிழ் மாணவியின்ர மேசையில இருக்கிற அதே டப்பாவும் பொலிஸ் புகைப்படத்தில ஒரே மாதிரி விளங்காது. அநியாயம்தான். அந்த அநியாயத்துக்கு உங்கட தம்பி தங்கச்சி, அகதிக் கோரிக்கை இன்னும் முடியாத மச்சாள் எல்லாரும் சேர்ந்து விலை குடுக்க வேண்டி வரும்.

இன்னொன்று மெல்லச் சொல்றன். கனடாவில துவக்கால சாகிறவர்களில பெரும்பாலானோர் தற்கொலை செய்தவர்கள். போரில இருந்து தப்பி வந்து இரவில நித்திரை வராத ஆட்கள் எங்கட வீடுகளில இருக்கிறார்கள். அவர்கள் தூங்குற வீட்டுக்குள்ள இதைக் கொண்டுபோறதைப் பற்றி எங்கட கூட்டங்களில ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

அப்ப என்ன செய்யிறது எண்டு கேட்பீர்கள். தோட்டாவைப் பற்றித்தான் யோசிக்க வேணும் எண்டால், யோசிக்கிற இடம் 30இன்ர மற்றப் பக்கம். வேலிஃபீல்ட் வெறும் வெடிமருந்து ஊர் இல்லை. 1946இல பஞ்சாலைத் தொழிலாளர் 3,000 பேர் அளவில 100 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்ற ஊர். ஒழுங்குபடுத்தினவர்களில ஒருவர் மட்லேன் பரோன், அப்ப அவருக்கு வயது 28. எங்கட வயசு. டுப்லெசி அரசும் பொலிசும் அவரை விரட்டி விரட்டிப் பிடித்தன. நைட்ரோசெல்லுலோஸும் பருத்தியில இருந்து செய்யிறதுதான், அது தற்செயல், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

இண்டைக்கும் அந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில தொழிற்சங்கம் இருக்கு. அங்கே வேலை செய்யிறவர்களுக்கு வீட்டுக்கடன் இருக்கு, பிள்ளைகள் இருக்கு. "உங்கட வேலை இனக்கொலை" எண்டு வாசலில நின்று கத்தினால் எங்களோட ஒருத்தரும் கதைக்கமாட்டார்கள். பெட்டி எங்கே போகுது, அமெரிக்க வழியை அடைக்கச் சட்டம் வந்தால் சங்கம் என்ன சொல்லும், வேற என்ன செய்யலாம் அந்த இயந்திரங்களால எண்டு கேட்க வேணும். மாதக் கணக்கில, கோப்பி குடித்துக்கொண்டு, பிரெஞ்சில. சட்டம் 101ஆல பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டி வந்தது எண்டு எங்களில பாதிப் பேர் இன்னும் முறைப்பாடு சொல்றம். வேலிஃபீல்டில அந்தப் பிரெஞ்சு தேவைப்படும்.