கடன் ரெடி... ஆர்டர் எங்கே? மாற்றுத்திறனாளி ராணுவ வீரர்களின் பட்டறைக்கு பெரிய கம்பெனிகள் கதவு திறக்குமா?

கனகம்மாசத்திரம்:

எல்லையில் அடிபட்டு ஊர் திரும்பும் ராணுவ வீரருக்கு மாலை போடுகிறோம். சுதந்திர தினத்தன்று மேடையில் ஏற்றி சால்வை போர்த்துகிறோம். சரி. அதே வீரர் ஒரு சின்ன பட்டறை போட்டு, "சார், எனக்கு ஒரு ஆர்டர் கொடுங்க" என்று பெரிய கம்பெனி வாசலில் போய் நின்றால் என்ன ஆகும்?

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி சல்யூட் அடிப்பார். பல இடங்களில் அவரும் மாஜி ராணுவம்தான். ஆனால் உள்ளே பர்ச்சேஸ் ஆபீசில், "வெண்டர் லிஸ்டுல உங்க பேர் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. லிஸ்டில் பேர் வரணும்னா முன்னாடி சப்ளை செய்திருக்கணும். சப்ளை செய்யணும்னா லிஸ்டில் பேர் இருக்கணும்!

சென்னை-திருப்பதி ரோட்டில் இருக்கும் நம்ம கனகம்மாசத்திரத்துக்கு இது ஏன் முக்கியம்? ஒரு பக்கம் திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் திருத்தணி தாண்டினால் ஆந்திரா. அங்கே தடா பக்கம் ஸ்ரீசிட்டி. இத்தனை கம்பெனிகளுக்கும் தினமும் கையுறை வேணும், யூனிஃபார்ம் வேணும், அட்டைப்பெட்டி வேணும், மரப் பேலட் வேணும், ஆள் ஏற்ற வேன் வேணும். இதை எல்லாம் யாரோ சப்ளை செய்கிறார்கள். அந்த யாரோவில் ஒருவர் ஏன் கால் இழந்த ராணுவ வீரராக இருக்கக்கூடாது?

கேட்டோடு நின்ற மரியாதை

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1999 கார்கில் போருக்குப் பிறகு, உயிர்விட்ட வீரர்களின் குடும்பங்களுக்கும் ஊனமடைந்த வீரர்களுக்கும் பெட்ரோல் பங்க், கேஸ் ஏஜென்சி கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 1986-லேயே முன்னாள் படைவீரர் கழகமான 'டெக்ஸ்கோ' தொடங்கப்பட்டது. பல அரசு நிறுவனங்களின் வாசலில் காவலுக்கு நிற்பவர்கள் அங்கிருந்து போனவர்கள்தான்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் பங்க் எல்லோருக்கும் கிடைக்காது. அதற்கு மெயின் ரோட்டில் இடம் வேணும், பணம் வேணும். காவல் வேலை என்றால் மணிக்கணக்கில் நிற்கணும். முட்டிக்குக் கீழே கால் இல்லாதவர் எப்படி நிற்பார்?

பட்டறை நடத்துவது வேறு. முதலாளியே லேத் ஓட்டணும்னு அவசியம் இல்லை. கணக்கு பார்க்கணும், ஆளை வேலை வாங்கணும், சரக்கு சரியா இருக்கான்னு சோதிக்கணும். ராணுவத்தில் பிட்டர், வெல்டர், டிரைவர், எலக்ட்ரீசியன், ஸ்டோர் கீப்பர் என்று எல்லா தொழிலும் இருக்கு. ஒரு ஸ்பேனர் தொலைந்தாலும் கணக்கு சொல்லணும். சாதாரண சிப்பாய் 15, 17 வருடத்தில் வெளியே வந்துவிடுவார். அப்போது வயது 40-ஐ ஒட்டித்தான் இருக்கும். இன்னும் 20 வருடம் உழைக்கலாம்.

ஊனமடைந்த வீரருக்குத் தொழில் கற்றுக் கொடுப்பது புதுசும் இல்லை. முதல் உலகப்போர் நேரத்தில், 1917-ல் தொடங்கிய குயின் மேரி தொழில்நுட்ப நிறுவனம் இன்றும் புனே கிர்க்கியில் இருக்கிறது. 100 வருடத்துக்கு மேல் தொழில் சொல்லிக் கொடுத்தாச்சு. தொழில் கற்றவரிடம் சரக்கு வாங்க ஆள் வேணும், அதுதான் பாக்கி!

1 கோடி கடன்... அப்புறம்?

'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை 2024 சுதந்திர தின உரையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். தொழில் தொடங்கும் முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன். அதில் 30 சதவீதம் மூலதன மானியம், வட்டியில் 3 சதவீதம் மானியம். நல்ல திட்டம்.

ஆனால் கடன் தவணைக்கு தேதி இருக்கு. ஆர்டருக்கு தேதி இல்லை. மெஷின் வந்து இறங்கி ஆர்டர் வரவில்லை என்றால், பென்ஷன் பணத்தில் இருந்து தவணை கட்ட வேண்டியதுதான். நாட்டுக்காக காலைக் கொடுத்தவர், கடைசியில் வங்கிக்கு பென்ஷனையும் கொடுப்பார்.

ஆர்டர் கிடைத்தாலும் அடுத்த சிக்கல், பணம் வரும் நாள். ஒரு கணக்கு பார்ப்போம். ஒருவர் மாதம் 2 லட்சம் ரூபாய்க்கு கையுறை தைத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி 90 நாள் கழித்து பணம் தந்தால், எப்போதும் 6 லட்சம் வெளியே நிற்கும். 12 சதவீத வட்டி என்றாலும் மாதம் 6 ஆயிரம் போச்சு. 45 நாளில் தந்தால் 3 லட்சம்தான் நிற்கும். வட்டி 3 ஆயிரம். மிச்சமாகும் 3 ஆயிரத்தில் தையல் அக்கா ஒருத்தருக்கு பல நாள் கூலி கொடுக்கலாம்.

45 நாள் என்பது நாம் சொல்வது இல்லை, சட்டமே சொல்கிறது. குறு, சிறு தொழிலில் தயாரிக்கும் சரக்குக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது என்கிறது 2006-ம் ஆண்டு சட்டம். மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல் இன்னொரு கிடுக்கிப்பிடியும் வந்தது. கெடுவுக்குள் தராத தொகையை, அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கம்பெனி செலவாகக் காட்ட முடியாது.

சட்டத்தில் ஒரு ஓட்டை

மத்திய அரசு துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தை குறு, சிறு தொழில்களிடம் வாங்கணும். 2012-ல் 20 சதவீதமாக வந்த உத்தரவு, 2018-ல் 25 ஆனது. அதற்குள் பட்டியல் இனத்தவருக்கு 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு உண்டு. மாற்றுத்திறனாளிக்கோ, முன்னாள் வீரருக்கோ அந்த உத்தரவில் தனிப் பங்கு இல்லை. தனியார் கம்பெனிகளை இந்த உத்தரவு கட்டுப்படுத்தாது.

அமெரிக்காவில் எப்படி? ராணுவப் பணியில் ஊனமடைந்தவர் நடத்தும் சிறு தொழிலுக்கு, மத்திய அரசின் ஒப்பந்தத்தில் 3 சதவீதம் போகணும் என்று 1999-ல் இலக்கு வைத்தார்கள். பிறகு அதை 5 சதவீதம் ஆக்கினார்கள். அரசிடம் பெரிய காண்ட்ராக்ட் எடுக்கும் கம்பெனிகளும், துணை ஒப்பந்தத்தில் இவர்களுக்கு எவ்வளவு தரப்போகிறோம் என்று திட்டம் எழுதிக் கொடுக்கணும்.

கம்பெனிக்கு என்ன லாபம்?

"நாங்க தர்மம் பண்ண கம்பெனி நடத்தலை" என்று பர்ச்சேஸ் மேனேஜர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தர்மம் வேண்டாம். தரம், விலை, டெலிவரி மூன்றையும் சோதித்தே வாங்கட்டும்.

பக்கத்து ஊர் சப்ளையர் என்றால் லாரி வாடகை குறையும். அவசரத்துக்கு ராத்திரியே சரக்கு வரும். ஒரே சப்ளையரை நம்பி இருந்து, அவர் காலை வாரினால் லைனே நிற்கும். கூட ஒருவர் இருப்பது பாதுகாப்பு.

இன்னொன்று. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1000 பெரிய கம்பெனிகள், 2022-23 முதல் செபிக்கு பொறுப்பு அறிக்கை ஒன்று தர வேண்டும். "நலிந்த பிரிவினரிடம் முன்னுரிமை கொடுத்து வாங்குகிறீர்களா? யாரிடம்? எத்தனை சதவீதம்?" என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் சொல்வது அவரவர் விருப்பம். வெளிநாட்டு முதலீட்டாளர் இதைப் படிக்கிறார். அங்கே 'இல்லை' என்று எழுதுவதா, ஒரு எண்ணை எழுதுவதா?

பினாமி ஜாக்கிரதை

ஒரு ஆபத்தையும் மறைக்கக்கூடாது. சலுகை என்று வந்தால் பினாமியும் கூடவே வருவான். போர்டில் வீரர் பெயர், கல்லாவில் வேறு ஆள்! அமெரிக்காவில் 51 சதவீதமாவது வீரருக்கு சொந்தமாக இருக்கணும், தொழிலை அவரே நடத்தணும், அரசிடம் சான்று வாங்கணும். இங்கேயும் கம்பெனி ஆள் நேரில் பட்டறைக்கு வந்து பார்க்கட்டும். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் யார் முதலாளி என்று தெரிந்துவிடும்.

இப்போதே செய்ய வேண்டியது

கம்பெனிகளுக்கு 3 வேலை. வெண்டர் லிஸ்டில் இவர்களுக்கு ஒரு தனி கட்டம். முதலில் 1 லட்சம், 2 லட்சம் என்று சின்ன சோதனை ஆர்டர். 45 நாளில் பணம்.

வீரர்களுக்கும் வேலை இருக்கு. 'உத்யம்' பதிவு இலவசம், புரோக்கரிடம் காசு கொடுக்காதீர்கள். ராணுவ மருத்துவ போர்டு பேப்பர் வேறு, மாற்றுத்திறனாளி 'யுடிஐடி' அட்டை வேறு. அதையும் வாங்குங்கள். கடனுக்கு கையெழுத்து போடும் முன், சரக்கு வாங்கப் போவது யார் என்று முடிவு செய்யுங்கள். சந்தேகம் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

2022-ல் தொடங்கிய அக்னிவீர் திட்டத்தின் முதல் அணிக்கு, 2026 கடைசியில் 4 வருடக் கணக்கு முடிகிறது. அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரப் பணி. மற்றவர்கள் 25 வயதை ஒட்டிய இளைஞர்களாக, மாத பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்புவார்கள். அடிபட்டவர்களும் அதில் இருப்பார்கள். எல்லோரையும் செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார வைக்க முடியுமா?

கேட்டில் அடிக்கும் சல்யூட் போதும். ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் வரட்டும்!