தேம்பாவணியின் யூதேயா எங்கே இருக்கிறது?

உலகப் படத்தில் யூதேயாவைக் கண்டுபிடிப்பது கடினமன்று. சாக்கடலுக்கு மேற்கே விரலை வைத்தால் போதும். ஆனால் வீரமாமுனிவர் தேம்பாவணியில் பாடிய யூதேயாவை எந்தப் படத்திலும் காண முடியாது. அவருடைய நாட்டுப் படலத்தில் மேகங்கள் கடலில் நீர் முகந்து மலைமீது பொழிகின்றன. வெள்ளம் இறங்கி வந்து வயல்களை நிரப்புகிறது. வயல் நிறைய நெல்! பச்சைப் பயிராக இருக்கும்போது, கையில் பணம் வந்த அற்பர்களைப்போல் நிமிர்ந்து நிற்கும் அந்த நெல், முற்றியதும் நல்லவர்களைப்போல் தலை சாய்க்கிறதாம்.

உண்மையான யூதேயா வேறு. எருசலேம் நகரம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில், கல் மலைமேல் இருக்கிறது. கிழக்கே இறங்கினால் பாலைநிலம், அதற்கப்பால் சாக்கடல். மழை குளிர்காலத்தில் மட்டுமே. கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம் என்று அந்நாட்டு விளைபொருள்களை விவிலியம் அடுக்குகிறது; நெல் அதில் இல்லை. பூகோளத் தேர்வில் முனிவரைப்போல் எழுதினால் சுழிதான் கிடைக்கும் என்று எங்கள் வகுப்பில் கேலி செய்தோர் உண்டு.

அந்தக் கேலியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெஸ்கி என்னும் இயற்பெயர் கொண்ட முனிவர், 1680-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். யேசு சபைத் துறவி. லிஸ்பனில் கப்பலேறி 1710-ல் கோவா வந்து சேர்ந்தார். கப்பல் வழியில் யூதேயா இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் விவிலியத்தைக் கரைத்துக் குடித்த ஒரு குருவுக்கு அங்கே என்ன விளையும் என்று தெரியாதா? ஒலிவமும் திராட்சையும் அவர் பிறந்த இத்தாலியிலேயே உண்டே! தெரிந்துதான் நெல்லை நட்டிருக்கிறார்.

காரணம், அவர் யாருக்காகப் பாடினார் என்பதில் இருக்கிறது. தமிழில் காப்பியம் என்றால் நாட்டு வளமும் நகர் வளமும் பாடித்தான் கதைக்குள் நுழைய வேண்டும். கம்பர் கோசல நாட்டைப் பாடியபோது, சரயு நதியில் ஓடியது காவிரித் தண்ணீர். சீவக சிந்தாமணியின் ஏமாங்கத நாடும் அப்படியே. நெல் தலை வணங்கும் உவமையும் அந்நூலில் முன்பே இருக்கிறது. அதைப் பாடிய திருத்தக்கதேவர் சமண முனிவர். சமண முனிவர் விதைத்த நெல்லை, பல நூற்றாண்டுகள் கழித்து ஓர் இத்தாலியக் குரு யூதேயாவில் நாற்று நட்டிருக்கிறார்! ஆட்களின் பெயரும் அப்படித்தான் மாறியது. சூசையப்பர் வளன் ஆனார். திருமுழுக்கு யோவான், நாங்கள் பாடத்தில் படித்த கருணையன் ஆனார். 1726-ல் 3,615 பாடல்களாக நிறைவேறிய இந்நூலை அன்று கேட்டவர்கள், 'இது யாரோ அயலார் கதை' என்று எழுந்து போயிருக்க முடியாது.

முனிவரின் கண்ணெதிரே இருந்த நாட்டையும் மறக்கக் கூடாது. அவர் பல ஆண்டுகள் தங்கி, அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய ஏலாக்குறிச்சி நம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவரும் அவரே. பக்கத்தில் கொள்ளிடம். ஆடியில் அதில் புது வெள்ளம் வருவதைப் பார்த்தவருக்கு யூதேயாவின் ஆற்றைப் பாடக் கற்பனை அதிகம் தேவைப்பட்டிராது.

நாமும் ஆண்டுதோறும் இதைத்தானே செய்கிறோம்? டிசம்பர் பிறந்ததும் தகர டப்பாக்களில் கேழ்வரகு முளைக்கப் போட்டு, குடிலைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று வைக்கிறோம். கூரைக்கு வைக்கோல். பெத்லகேமைப் பார்த்த ஒருவர் வந்தால் சிரிப்பாரோ என்னவோ, நமக்கு அதுதான் பெத்லகேம்.

ஆனால் முனிவர்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஏலாக்குறிச்சியிலிருந்து பெரம்பலூர்ப் பக்கம் வரவர வயல் குறைந்து, வானம் பார்த்த பூமி தொடங்குகிறது. வரகும் கம்பும் சோளமும் விளைந்த மண். ஆட்டு மந்தை, பட்டி, ஆழக் கிணறு, மழைக்காகக் காத்திருக்கும் சனங்கள். எருசலேம் மலை சுண்ணாம்புக்கல். அரியலூர் மண்ணுக்கடியிலும் சுண்ணாம்புக்கல்! உண்மையான யூதேயாவுக்கு நெருங்கிய சொந்தம் தஞ்சாவூர் வயல் அன்று, எங்கள் மானாவாரிக் காடுதான். வறண்ட நிலம் தேம்பாவணியிலும் வருகிறது. திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிப்போகும் வழியில். அது கடந்துபோகிற இடம். வீடு கட்டி வாழும் இடமாகப் பாடத் தோன்றியது, நீர் பாயும் நாடுதான். கதைகளில் வரும் அழகான நாடெல்லாம் ஆற்றங்கரையாகவே இருந்தால், சின்ன வெங்காயம் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்து நிற்பவர்களின் ஊர் அழகில்லாத ஊரா?

இந்த டிசம்பரில் எங்கள் வகுப்புக் குடிலில் கேழ்வரகுப் பச்சைக்குப் பக்கத்தில் கொஞ்சம் கரிசல் மண்ணும் நாலு சுண்ணாம்புக்கல்லும் வைக்கலாமா என்று கேட்கப் போகிறேன்.